என் இடது தொடையில் உறைந்த இரத்தம்

பிள்ளை பெற்ற ஏழாம் நாள் நான் என் அம்மாவைக் கடித்தேன். முன்கையில், பல் பதிந்து இரத்தம் கசியும்வரை கடித்தேன். அப்போதும் அவள் என் காலை விடவில்லை.

பெரியம்மா என்னை உட்கார வைத்துப் பின்னாலிருந்து தோள்களை அழுத்திப் பிடித்திருந்தாள். வலது காலின்மேல் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். மருத்துவச்சி சூடான விளக்கெண்ணெயை இடது காலில் ஊற்ற ஊற்ற, அம்மா இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வைத்துக் கணுக்காலிலிருந்து தொடைவரை நீவினாள். களி கிண்டிக் காய்த்துப்போன கை அது. விரல் ஏறும் இடமெல்லாம் உள்ளே கத்தியை வைத்து இழுப்பதுபோல் இருந்தது.

"கத்தாத கண்ணு. கால்ல நீர் கோத்துக்கிச்சு. மேல ஏத்தி விட்டுட்டா வத்திப்போயிரும்" என்றாள்.

"விடுடி. கொல்லாத" என்றேன் பெற்றவளைப் பார்த்து.

மருத்துவச்சி சிரித்தாள். "டீச்சரம்மா பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுக்கறாங்களாட்டம் இருக்குது."

எங்கள் ஊர் காரிமங்கலத்திலிருந்து வண்டித்தடத்தில் மூன்று மைல். கேழ்வரகும் கொள்ளும் விளைகிற மானாவாரிக் காடு. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். கன்னியர் மடத்து விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஆசிரியைப் பயிற்சியும் பெற்று, பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தபோது, லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருக்கும் என் கணவர், "ஆஸ்பத்திரியிலேயே வெச்சுக்கலாமே மேரி" என்று இரண்டு முறை சொன்னார். ஊரில் எல்லாப் பெண்களும் வீட்டிலேயே பெறும்போது, படித்தவள் பயந்துவிட்டாள் என்று பேர் வாங்க எனக்கு மனமில்லை. வீட்டிலேயே பெற்றேன். பெண் குழந்தை. பிரசவம் சுகமாகத்தான் நடந்தது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் எழுதுகிறேன். பிள்ளை பெறப் போகிறவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் படிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் தர மாட்டார்கள். காலையில் அரை டம்ளர் வெந்நீர், மாலையில் அரை டம்ளர். அதற்கு மேல் குடித்தால் வயிறு ஊதிவிடும், ஜன்னி காணும் என்பது நம்பிக்கை. வயிற்றைப் பழைய வேட்டியால் இறுக்கிக் கட்டிப் படுக்க வைத்துவிடுவார்கள். சுக்கும் மிளகும் பூண்டும் சேர்த்து இடித்த மருந்து உருண்டை மூன்று வேளையும் வரும். அது சித்திரை மாதம். ஓட்டுக்கூரை வழியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டிக் கீழே ஊற்றிய தண்ணீரைப் பார்த்து நான் அழுதேன். எழுந்து போய்ப் பானையைத் திறந்திருக்கலாம். கேட்டு வாங்குவதும் திருடிக் குடிப்பதும் எனக்குக் கேவலமாகப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஐந்தாம் நாள் இடது கெண்டைக்காலில் வலி. ஆறாம் நாள் கால் முழுவதும் வீங்கி, தோல் வெளுத்துப் பளபளவென்று ஆனது. தொடை இடுக்கில் கை வைக்க முடியவில்லை. ஏழாம் நாள் நீவினார்கள்.

எட்டாம் நாள் விடியற்காலையில், குழந்தைக்குப் பால் கொடுக்கத் திரும்பிப் படுத்தபோது, யாரோ கடப்பாரையை என் வலது விலாவில் இறக்கியதுபோல் இருந்தது. மூச்சு பாதியில் நின்றது. இருமினேன். குழந்தையின் வெள்ளைத் துணியில் இரத்தம் தெறித்தது.

"ஜன்னி" என்றாள் பெரியம்மா.

அப்பா அவளை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். என் அப்பாவுக்கு எப்போதும் வாய்க்கு முன்னால் கை வந்துவிடும். அம்மாவை அடிப்பார், மாட்டை அடிப்பார், நான் பயிற்சிப் பள்ளிக்குப் போகும்வரை என்னையும் அடித்தார். என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். என்னை அப்படியே பாயோடு சுருட்டித் தூக்கிக் கட்டை வண்டியில் போட்டார். அம்மா குழந்தையோடு ஏறிக்கொண்டாள். தார் ரோடு வரும்வரை மாடுகளின் முதுகில் சாட்டை விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் என் விலாவில் அந்தக் கடப்பாரை திரும்பத் திரும்ப இறங்கியது. பிறகு பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் படுக்க வைத்துத் தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள்.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கை விரலால் தொட்டார்.

"காலை யாரு நீவினது?"

"நாந்தானுங்க" என்றாள் அம்மா.

"எத்தனை தடவை?"

"நேத்து ரெண்டு தரமுங்க. வீக்கம் வத்தட்டுமின்னு."

"இன்னொரு தடவை தொட்டா உன்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பேன்" என்றார் டாக்டரம்மா. குரலை உயர்த்தாமல் சொன்னார். அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஓரளவு மூச்சு விட முடிந்தபோது, அவர் என் கட்டிலில் உட்கார்ந்து, கேஸ் காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அப்பாவும் அம்மாவும் கால்மாட்டில் நின்று கேட்டார்கள். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

நாம் நரம்பு என்று சொல்வதில் பாதி, உண்மையில் இரத்தக்குழாய். காலிலிருந்து இரத்தத்தை நெஞ்சுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்று தொடையில் ஓடுகிறது. இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்று ஒரு புரதம் கரைந்திருக்கிறது. ஈரல்தான் அதைத் தயாரிக்கிறது. காயம் பட்டால் அது நூல் நூலாகத் திரிந்து வலை பின்னி, சிவப்பணுக்களைப் பிடித்து வைத்து, ஓட்டையை அடைக்கிறது. அது இல்லையென்றால் அரிவாள் கீறலிலேயே செத்துப்போவோம். கர்ப்பமான பெண்ணுக்கு இந்தப் புரதம் தானாகவே கூடுகிறது. பிரசவத்தில் இரத்தம் கொட்டி அவள் சாகாமலிருக்க உடம்பு முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் பிரசவத்துக்குப் பின் கிருமி புகுந்து காய்ச்சலும் அழற்சியும் வந்தால், ஈரல் அதை இன்னும் அதிகமாக அனுப்புகிறது. அழற்சி குழாயின் உட்சுவரையும் கெடுக்கிறது. வழவழப்பாக இருக்க வேண்டிய சுவர் சொரசொரப்பாகி, இரத்தம் அங்கே ஒட்டத் தொடங்குகிறது. தண்ணீர் குடிக்காத உடம்பில் இரத்தம் தடித்திருக்கும். கட்டிப்போட்டதுபோல் படுத்தே கிடந்தால் காலில் ஓட்டம் தேங்கும். எல்லாம் ஒன்றுசேர்ந்து தொடைக்குழாயில் இரத்தம் தயிராக உறைந்துவிட்டது. நீவியபோது அதில் ஒரு துண்டு பிய்ந்து, இதயம் வழியாகப் போய் நுரையீரலை அடைத்திருக்கிறது.

"மீதிக் கட்டி இப்ப எங்கீங்க இருக்குது?" என்று அப்பா கேட்டார்.

டாக்டரம்மா என் தொடை இடுக்குக்கு மேலே, தொடாமல், விரலைக் காட்டினார். "இங்கதான். போனது சின்னத் துண்டு. பெருசா ஒண்ணு போச்சுன்னா நான் பக்கத்துலயே நின்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது. நான் சொல்றவரைக்கும் இவ கால் தரையில படக் கூடாது. கட்டிலை இடிக்கக் கூடாது. யாரும் இவளை அசைக்கக் கூடாது."

"இப்பப் போட்ட ஊசி கட்டியக் கரைச்சிருமுங்களா?"

"ஊசி கரைக்காது. கட்டி மேல மேல வளராம நிறுத்தும். கரைக்க வேண்டியது உடம்பு. அதுக்கு நாள் ஆகும்."

ஆகவே, அந்த நாட்களில் என் உயிர் என் தொடைக்குள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு விரல் நீளத் தயிர்க்கட்டியைப் பொறுத்ததாக இருந்தது. இருமல் வந்தால் பயம். தும்மல் வந்தால் பயம். பக்கத்துக் கட்டிலில் கர்ப்பப்பை எடுத்துவிட்டுப் படுத்திருந்த அரூர்க்காரக் கதிரம்மா, நான் மூக்கைச் சுளித்தாலே வார்டு முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிடுவாள்: "டீச்சரு தும்மப் போறாங்க. எல்லாரும் அவங்கவங்க சாமியக் கும்பிட்டுக்கங்க." சிரித்தால் விலா கிழியும். அவளை அடிக்க வேண்டும் போலிருக்கும்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஹெப்பாரின் ஊசி. அந்த மருந்து ஆஸ்பத்திரியில் கொஞ்சம்தான் இருந்தது. என் கணவர் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு சேலம் போய், ஐஸ் வைத்த சோற்றுப் போசியில் மருந்தோடு திரும்பி வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். மருந்தைக் கொடுத்துவிட்டு ஷெட் வேலைக்குத் திரும்பிப் போனார். நான்கு நாளில் என் இரண்டு கைகளும் முழங்கைவரை கத்திரிக்காய் நிறமாகிவிட்டன. குத்த இடமில்லாமல் புறங்கையில் குத்தினார்கள். பல் தேய்த்தால் ஈறிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்தது. உறையக் கூடாது என்று கொடுக்கிற மருந்து எல்லா இடத்திலும்தான் உறைய விடாது. பிள்ளை பெற்ற வயிற்றில் இரத்தம் போக ஆரம்பித்தால் அது இன்னொரு சாவு. இரண்டுக்கும் நடுவில் அளவைப் பிடித்து வைத்திருந்தவர் டாக்டரம்மா.

அந்த அளவைப் பார்க்கத் தினமும் இரத்தம் எடுத்தார்கள். பரிசோதனை அறையிலிருந்த ஸ்டெல்லா என் வயதுக்காரி. என் வற்புறுத்தலுக்காக ஒருநாள் கண்ணாடிக் குழாய்களைக் கட்டிலுக்கே கொண்டுவந்து காட்டினாள். ஒரு குழாயில் என் இரத்தத்தை விட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை சாய்த்துப் பார்த்தாள். சாய்த்தும் ஓடாமல் நின்றால் உறைந்துவிட்டது என்று பொருள். மருந்து ஏறாத ஆளுக்குப் பத்து நிமிடத்துக்குள் நின்றுவிடும். எனக்கு இருபது நிமிடத்துக்கு மேலும் ஓட வேண்டும். இன்னொரு குழாய் மெல்லியது, நீளமானது, நிறுத்தி வைப்பது. ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று அதில் பார்ப்பார்கள். நல்ல இரத்தத்தில் சிவப்பணுக்கள் தனித்தனியாக மெதுவாக இறங்கும். அழற்சி இருக்கிற இரத்தத்தில் அந்தப் புரதம் கூடியிருப்பதால், அணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, கனத்து வேகமாக விழும். என் குழாயில் சிவப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. மேலே வெறும் மஞ்சள் நீர்.

"இது மேல ஏறிக்கிட்டே வந்தா நீங்க வூட்டுக்குப் போறீங்கன்னு அர்த்தம், டீச்சர்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் அம்மா பிடிபட்டாள். முந்தானைக்குள் ஒரு சின்னப் புட்டியில் விளக்கெண்ணெய் வைத்திருந்தாள். நான் கண்ணசந்த நேரத்தில் அதைத் திறந்திருக்கிறாள். வார்டு சிஸ்டர் பார்த்துப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசினார். புட்டி கல்லில் பட்டு உடைந்தது.

"அடிக்காலுல லேசாத் தடவலாமின்னு" என்றாள் அம்மா. "சில்லுன்னு கெடக்குதுங்க காலு."

"நீ தாயா, எமனா?" என்றார் சிஸ்டர்.

நானும் அதையேதான் நினைத்தேன். சொல்லவும் சொன்னேன். "படிக்காத ஜென்மங்கிட்ட மாட்டிக்கிட்டேன்" என்று கதிரம்மாவின் காதில் விழும்படிச் சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் துணிகளைத் துவைக்க எடுத்துப்போனாள். அதன்பிறகு என் காலைத் தொடவில்லை. கட்டிலுக்கு அந்தப்பக்கம் போகவேண்டும் என்றால்கூட சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போவாள்.

எனக்கு ஊசியைவிடப் பொறுக்க முடியாததாக இருந்தது பெட்பேன். பன்னிரண்டு கட்டில் போட்ட வார்டு. தடுப்புத் துணி கிழிந்திருந்தது. பார்க்க வருகிற ஆண்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் தகப்பனார்கூட ஒருநாள் யாரையோ பார்க்க வந்து, "டீச்சருங்களா" என்று கும்பிட்டார். அப்போது என் இடுப்புக்குக் கீழே பேன் இருந்தது. வெறும் போர்வை மூடியிருந்தது. நான் அடக்கிக்கொள்ள ஆரம்பித்தேன். தண்ணீரையும் குறைத்தேன். எந்தத் தண்ணீருக்காக அழுதேனோ, அதையே வேண்டாம் என்றேன்.

வார்டு வேலைக்காரி பேனை இரும்புக் கட்டிலில் டங்கென்று வைப்பாள். "ரெண்டு நாளா வெறும் தட்டையே தூக்கிட்டுப் போறேன். டீச்சரம்மாவுக்குத் தங்கத்துல செஞ்சு தரணுமாட்டம் இருக்குது" என்பாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் நண்பகல். அம்மா துணி துவைக்கப் போயிருந்தாள். கதிரம்மா மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையும் தூங்கியது. சிஸ்டர்கள் ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். காலின் வீக்கம் பாதி வடிந்திருந்தது. நான் தலையணைமேல் தூக்கி வைத்திருந்த காலை இறக்கினேன். தரையில் ஊன்றினேன். எழுந்து நின்றேன்.

ஒன்றும் ஆகவில்லை.

தாழ்வாரத்தின் கோடியில் கக்கூஸ். முப்பது அடி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு போய், கதவைச் சாத்தி, மனுஷியாக உட்கார்ந்து, மனுஷியாக எழுந்து, திரும்பி வந்து படுத்துக் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரும்போலச் சந்தோஷமாக இருந்தது. இந்த டாக்டரம்மாவும் பயமுறுத்திப் பார்க்கிறவர்தான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். கால்மாட்டில் நின்றாள். குனிந்தாள். அவள் கை என் பாதத்தில் பட்டதை உணர்ந்தேன். என்ன செய்கிறாள் என்று பார்க்கத் தலையைத் தூக்கினேன்.

அப்போது விழுந்தது அடி. உள்ளேயிருந்து. நெஞ்சுக்கூட்டை யாரோ இரண்டு கைகளாலும் பிடித்துப் பிழிந்தார்கள். வாயைத் திறந்தேன், காற்று வரவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்து உதைத்தேன், குழந்தை உருண்டது, அம்மா ஒரு கையால் அதைப் பிடித்தாள். மற்றக் கை இன்னும் என் பாதத்தில் இருந்தது. ஜெபம் முடித்து வந்த சிஸ்டர் வாசலிலிருந்து பார்த்தது அந்தக் கையைத்தான்.

"மறுபடியும் நீவிட்டியா பாவி."

அம்மா பதில் சொல்லவில்லை.

ஆக்ஸிஜன் உருளையை இழுத்துவரும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தார். என் உதடு நீலமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஊசி மேல் ஊசி. பங்குச் சாமியாரை அழைத்துவந்தார்கள். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பட்டது. அவஸ்தைப்பூசுதல் என்று புரிந்தது. சாகிறவர்களுக்குச் செய்வது. புரிந்தும் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் அப்பா ஊரிலிருந்து தூக்குப்போசியில் களியும் குழம்பும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சாமியாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"உங்க சம்சாரம் மறுபடியும் காலை நீவியிருக்காங்க" என்றார் சிஸ்டர்.

அப்பா முன்னால் வந்தார். போசியை ஓங்கி அம்மாவின் தலையில் அடித்தார். பித்தளைப் போசி. இடது காதோடு சேர்த்து விழுந்தது. அம்மா சுவரில் மோதிக் கீழே உட்கார்ந்தாள். அப்பா மயிரைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அடித்தார். மூடி கழன்று களி தரையெல்லாம் சிதறியது. கதிரம்மா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து குறுக்கே நின்றாள். "செத்துருவாய்யா. ஒரு வூட்டுல ரெண்டு பொணமா" என்று அப்பாவைப் பிடித்துத் தள்ளினாள். அம்மாவின் காதிலிருந்து இரத்தம் கழுத்து வழியாக இறங்கி ரவிக்கையில் ஊறியது. அவள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது பேச மூச்சில்லை. அது உண்மை. ஆனால் இரண்டு நாளில் பேச்சு வந்துவிட்டது. அதுவும் உண்மை.

அம்மாவை வார்டுக்குள் விடக் கூடாது என்று உத்தரவு. சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் தங்கிக்கொண்டாள். குழந்தை அவளிடம் இருந்தது. பால் கொடுக்கிற நேரத்துக்கு அப்பா அதைத் தூக்கிவந்து என் பக்கத்தில் கிடத்துவார். பானையைத் தூக்குவதுபோல் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு தூக்கிவருவார். கூடவே துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடித்த துணிகள் வரும். தொட்டால் இன்னும் சூடு இருக்கும். நான் இப்போது மறுபேச்சில்லாமல் பெட்பேனைப் பயன்படுத்தினேன். வேலைக்காரியும் அதை டங்கென்று வைப்பதில்லை.

"எம் பொண்ணு படிச்சவ" என்று அப்பா கதிரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். "டாக்டரு அசையாதன்னா அசையாது. அந்தக் கழுதைக்குத்தான் எத்தினி சொன்னாலும் மண்டையில ஏறாது."

கதிரம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டிருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நான் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அப்பாவின் கையைப் பார்ப்பேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அடிக்குப் பயந்து மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. படித்தவள், டீச்சர், தானே எழுந்து நடந்து இதை வரவழைத்துக்கொண்டாள் என்று வார்டு சொல்லுமே என்றுதான்.

பதினான்காம் நாள் ஸ்டெல்லா நீளக் குழாயைக் காட்டினாள். சிவப்பு நன்றாக மேலே நின்றது. டாக்டரம்மா என் காலை அளவு நாடாவால் அளந்துவிட்டு, "பொழைச்சுக்குவ" என்றார். முதல்முறையாகச் சிரித்தார். "உங்க அம்மா கை மட்டும் படாம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"அம்மா நீவலை" என்றேன்.

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் கக்கூசுக்கு நடந்து போனேன், டாக்டர். பேன்ல போறதுக்கு அவமானமா இருந்துச்சு."

நாடாவைச் சுருட்டுவது நின்றது. அவர் என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஒரு பொம்பளை காதுல சீழ் வடிய அஞ்சு நாளா சைக்கிள் கொட்டகையில உட்கார்ந்திருக்கா" என்றார். "நீ இங்க படுத்துக்கிட்டு அவ துவைச்ச துணியை மாத்திக்கிட்டு இருந்தியா?"

அவரே வெளியே போய் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, காதைக் கழுவி, மருந்து விட்டுப் பஞ்சு வைத்தார். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. "செவிப்பறை கிழிஞ்சிருக்கு. அந்தப் பக்கம் இனிமே கேக்கறது கஷ்டம்தான்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பற்ற வைக்க வெளியே போனார்.

இன்னும் ஒரு வாரம் கழித்து எழுந்து நிற்க விட்டார்கள். முதலில் கட்டிலைச் சுற்றி, பிறகு தாழ்வாரத்தில். ஊசி நின்று மாத்திரை ஆனது. பெருவிரலிலிருந்து தொடைவரை துணிப்பட்டை சுற்றிக்கொள்ள வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடுத்த பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நான் படித்தேன். அப்பா வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அப்பா டிரைவருக்குப் பின்னால் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நானும் அம்மாவும் நடுவில். குழந்தை என் மடியில். அம்மா வலப்பக்கம் ஜன்னலோரம், நான் அவளுக்கு இடப்பக்கம். ஊர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். வீட்டுக்குள் போய்விட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, அன்னைக்கு நீ நீவலைன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் வெளியே ஓடுகிற புளியமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் காத்திருந்தேன். பிறகுதான் உறைத்தது. நான் பேசியது அவளுடைய இடது காதில்.

குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, முன்னால் சாய்ந்து அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன். எஞ்சின் சத்தத்துக்கு மேல், மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரலெடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. "நாந்தான் எந்திரிச்சுக் கக்கூசுக்கு நடந்து போனேன். அதனாலதான் வந்துச்சு. உன்னால இல்ல."

"தெரியும்" என்றாள் அம்மா.

"எப்படித் தெரியும்?"

"உள்ளங்காலு ரெண்டும் ஈரம். மண்ணு வேற ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. யாராச்சும் பாக்கறதுக்குள்ள தொடச்சிரலாமின்னு தொடச்சிக்கிட்டு இருந்தேன். சிஸ்டரு வந்துட்டாங்க."

"அதைச் சொல்லியிருக்கலாமில்ல. அப்பா அப்படி அடிக்கறப்பகூட வாயத் தொறக்காம இருந்தியே."

அம்மா முன் சீட்டில் தெரிந்த அப்பாவின் தலையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கப்பனுக்குக் கை ஓங்கிட்டா எதுத்தாப்புல யாரு நிக்கறான்னு தெரியாது. எம்மேல விழுந்துச்சு, காதோட போச்சு. உம்மேல ஒரு அடி விழுந்திருந்தா? அந்தக் கட்டி நவுந்திருக்குமில்ல கண்ணு. டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்களே."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் இடது முழங்கால் எங்களுக்கு முன்னாலிருந்த சீட்டின் இரும்புக் கம்பியில் மோதியிருக்க வேண்டும், மோதவில்லை. குனிந்து பார்த்தேன். கம்பிக்கும் என் முழங்காலுக்கும் நடுவில் அம்மாவின் புறங்கை இருந்தது. காலைத் தொடாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தது. விரல் மூட்டுகள் சிராய்த்துச் சிவந்திருந்தன. பஸ் ஏறியதிலிருந்தே அந்தக் கை அங்கேதான் இருந்திருக்கிறது.